வெட்டிய பிறகும் வாளை இறக்காதீர்கள்: கெண்டோ பழகுவோர் செய்யும் தவறுகள்

ஜப்பானிய வாள்கலையான கெண்டோ வகுப்பில் சேர்ந்த எல்லோரும் முதல் நாளிலேயே ஒரு தவறு செய்கிறோம். ஷினாய் எனும் மூங்கில் வாளை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். அரிவாளும் சுத்தியலும் பிடித்துப் பழகிய கை வேறென்ன செய்யும்? ஆனால் கெண்டோவில் வாளைத் தாங்குவது இடது கை. அதன் சுண்டு விரலும் மோதிர விரலும் நடுவிரலும் கைப்பிடியின் அடிப்பக்கத்தைப் பற்றியிருக்க வேண்டும். மற்ற இரண்டு விரல்களும் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். வலது கை வழிகாட்டத்தான். அடி விழும் கணத்தில் மட்டும், தேநீர்ச் சடங்கில் ஈரத் துணியைப் பிழிவதுபோல, இரண்டு கைகளும் உள்நோக்கி இறுகும். உடனே தளர்ந்துவிட வேண்டும்.

எனக்கு முதல் இரண்டு மாதம் வலது தோள்பட்டையில் தீராத வலி. எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்ட ஆசிரியர், இடது கையால் மட்டும் வாளை ஓங்கி இறக்கச் சொன்னார். பத்தாவது தடவையே வாள்நுனி ஆடத் தொடங்கியது. அதுவரை எல்லாச் சுமையையும் வலது கை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. வீட்டிலும் அலுவலகத்திலும் இப்படி ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பதைப் பார்த்தால், எனக்கு அந்தத் தோள்பட்டைதான் நினைவுக்கு வரும்.

இதைவிடப் பெரிய தவறு, அடி விழுந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது. ஷினாய் தலைக்கவசத்தில் சரியாகப் பட்டாலே புள்ளி கிடைத்துவிடாது. குரல், வாள், காலடி மூன்றும் ஒன்றாக இறங்க வேண்டும். அப்புறம் எதிராளியைக் கடந்து போய்த் திரும்பி, மறுபடி தாக்குதலுக்குத் தயாராக நிற்க வேண்டும். அந்த விழிப்புக்கு ஸான்ஷின் என்று பெயர். எஞ்சி நிற்கும் மனம் என்று பொருள். அது இல்லையென்றால் நடுவர்கள் கொடி தூக்க மாட்டார்கள். ஜெயித்த மகிழ்ச்சியில் கையை உயர்த்திக் கொண்டாடினால் கொடுத்த புள்ளியையே ரத்து செய்யலாம். அடுப்பை அணைத்துவிட்டு சிலிண்டரைத் திருகாமல் போகிறோமே, ஸான்ஷின் இல்லாத அடி அப்படிப்பட்டது.

கத்தானா எனும் ஜப்பானிய வாள்தான் சாமுராய் எனும் போர்வீரனின் ஆன்மா, அது ஆதிகாலத்திலிருந்தே அப்படித்தான் என்று நம்புவதும் தவறு. போர்கள் ஓயாமல் நடந்த காலத்தில் போர்வீரனின் நெறிக்கு 'வில்லும் குதிரையும்' என்றே பெயர். போர் ஓய்ந்த எடோ காலத்தில்தான் (1603–1868) நீளமும் குட்டையுமாக இரண்டு வாள்களை இடுப்பில் அணிவது சாமுராயின் தகுதிச் சின்னமாக நிலைத்தது. 1876-இல் பொது இடங்களில் வாள் அணிய அரசு தடை விதித்தது. வாளுக்கு வேலையே இல்லாமல் போன பிறகும் பயிற்சி நிற்கவில்லை. 1975-இல் ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு, கத்தானாவின் நெறிகளைக் கடைப்பிடித்து மனிதனின் குணத்தைச் செதுக்குவதே கெண்டோ என்று எழுதி வைத்தது. வெட்டிச் சாய்ப்பதற்கான கலை என்று நினைத்து வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது.

எதிரே நிற்கும்போது மனதைப் பிடிக்கும் நோய்கள் நான்கு என்பார்கள்: திடுக்கிடல், அச்சம், ஐயம், குழப்பம். அடி விழுமே என்று பயந்து வாளைத் தலைக்கு மேல் குறுக்கே தூக்கினால், அந்த நொடியே வயிற்றுப்பக்கம் திறந்துவிடும்.

கடைசியாக, பலர் அலட்சியம் செய்யும் ஒன்று. கீழே கிடக்கும் ஷினாயைத் தாண்டக் கூடாது, ஊன்றுகோலாக்கக் கூடாது என்பதை மரியாதை என்று எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் பயிற்சிக்கு முன் அதன் நான்கு மூங்கில் பட்டைகளையும் விரலால் தடவிப் பார்ப்பதும் அதே மரியாதைதான். சிலாம்பு எழுந்த பட்டை, முகக்கவசக் கம்பிகளின் இடைவெளி வழியாக எதிராளியின் கண்ணுக்குள் போகக்கூடும். கீறல் தெரிந்தால் அன்றைக்கு அந்த ஷினாயை எடுக்காதீர்கள்.