டிரை சூட்டில் மிதப்பைப் பழகுவது: குளிர்நீருக்குப் போகும் சென்னை டைவர்களுக்கு

பி.சி.டி. என்பது முதுகில் இருக்கும் ஒரு காற்றுப் பை. டிரை சூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத டைவிங் உடை போட்டால் இன்னொரு பை சேர்கிறது. அந்தப் பைக்குள் நீங்களே இருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று தோளுக்கும் ஓடும், காலுக்கும் ஓடும். சிக்கல் முழுக்க அந்த ஓட்டத்தில்தான்.

சென்னைக் கடலில் இந்த உடைக்கு வேலையே இல்லை. 3 மில்லிமீட்டர் வெட் சூட்டே பலருக்குப் புழுங்கும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் தண்ணீர் 2 முதல் 4 டிகிரிதான். அங்கே டிரை சூட் இல்லாமல் டைவ் கிடையாது, அதில் பயிற்சி பெற்றதற்கான சான்றும் கேட்பார்கள். அங்கே போய் முதல்முறையாகப் போட்டுத் தடுமாறுவதைவிட, இங்கே ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சியாளரோடு நாலு நாள் பழகிவிட்டுப் போவது நல்லது.

முதலில் எடை. தடுமாறுகிறவர்களின் இடுப்பைப் பார்த்தால், அமிழ்வதற்காகக் கட்டும் ஈயம் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். 4 கிலோ கூடுதலாகக் கட்டினால், 10 மீட்டரில் அதைத் தூக்க 4 லிட்டர் கூடுதல் காற்று விட வேண்டும். அங்கே அழுத்தம் 2 பார். 5 மீட்டருக்கு ஏறினால் 1.5 பார், அந்த 4 லிட்டர் 5.3 ஆகிவிடும். மேற்பரப்பில் 8. ஈயம் அப்படியே இருக்கிறது, தூக்கும் காற்று மட்டும் இரட்டிப்பாகிறது. இப்படித்தான் ஆள் பலூன் மாதிரி மேலே போகிறார்.

சரியான எடையைக் கண்டுபிடிக்க, சிலிண்டரில் 50 பார் இருக்கும்போது பி.சி.டி.யையும் சூட்டையும் காலி செய்துவிட்டு, மேற்பரப்பில் காலை அசைக்காமல் நிமிர்ந்து மிதந்து பாருங்கள். சாதாரண மூச்சு உள்ளே இருக்கையில் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். சிலிண்டர் நிறைந்திருந்தால் இந்த எடையோடு 2 கிலோ சேருங்கள். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் 200 பாரிலிருந்து 50க்கு இறங்குவதற்குள் சுமார் 1,650 லிட்டர் காற்று செலவாகிறது. அந்தக் காற்றின் எடையே 2 கிலோ.

சூட்டைக் காலி செய்வதற்கும் முறை உண்டு. ஜிப்பை முழுக்க மூடிவிட்டு, இடது மேல்கையில் இருக்கும் வெளியேற்றும் வால்வை இடப்பக்கமாகக் கடைசிவரை திருகித் திறந்துகொள்ளுங்கள். தண்ணீர் கழுத்தளவுக்கு வரும்படி முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினால், தண்ணீரே துணியை உடம்போடு ஒட்ட அழுத்தி, காற்றை மேலே தள்ளிவிடும்.

இறங்கும்போது 2, 3 மீட்டரிலேயே சூட் உடம்பைக் கவ்வ ஆரம்பிக்கும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் கிள்ளுவது போல இருக்கும். நெஞ்சில் இருக்கும், சூட்டுக்குள் காற்று விடும் பொத்தானை ஒரு நொடிக்கும் குறைவாக, தட்டித் தட்டி அழுத்துங்கள். நீளமாக அழுத்தினால் காற்று அதிகமாகிவிடும். குளிர்நீரில் வால்வே உறைந்து திறந்தபடி நின்றுவிடலாம். காற்று எவ்வளவு என்பதில் பயிற்சியாளர்கள் இரண்டு கட்சி. தண்ணீருக்கடியில் சூட்டை மட்டும் வைத்தே மிதப்பைச் சரிசெய் என்பது ஒரு கட்சி. கவ்வல் விடும் அளவுக்கு மட்டும் சூட்டில் விடு, மீதியை பி.சி.டி. பார்க்கட்டும் என்பது மற்றது. ஒற்றை சிலிண்டரும் சரியான எடையும் இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கவ்வல் விடும் அளவே மிதக்கவும் போதும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது காற்றை வெளியேற்றுவதில். வால்வு உடம்பிலேயே உயர்ந்த இடத்தில் இருந்தால்தான் காற்று போகும். பலர் இடது கையை முழுசாக மேலே நீட்டுகிறார்கள். காற்று மணிக்கட்டுக்கு ஓடி, அங்கே தண்ணீர் புகாமல் இறுக்கிப் பிடிக்கும் சீல் வழியாகக் கசிகிறது, பதிலுக்குத் தண்ணீர் உள்ளே வருகிறது. முழங்கையை மட்டும் உயர்த்துங்கள், முன்கை கீழே தொங்கட்டும், உடம்பைச் சற்று வலப்பக்கம் சாயுங்கள். உடனே எதுவும் நடக்காது. சூட்டுக்குள் காற்று தோள் பக்கம் ஊர்ந்து வர இரண்டு மூன்று நொடி ஆகும். பிறகுதான் காதருகே குமிழிச் சத்தம் கேட்கும். அந்தத் தாமதத்தை மனதில் வைத்து, ஏறத் தொடங்கும் முன்பே முழங்கை மேலே போயிருக்க வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். டைவிங் பலகை உள்ள குளம் 5 மீட்டர் ஆழம் இருந்தால், அதன் அடியிலிருந்து ஒவ்வொரு மீட்டரிலும் நின்று நின்று ஏறிப் பழகலாம்.

காலில் காற்று சேர்ந்தால் தலைகீழாகிவிடுவீர்கள். வால்வு அடியில் மாட்டிக்கொள்ளும். மூச்சைப் பிடிக்காதீர்கள். முழங்காலை மார்போடு மடக்கி, முன்பக்கமாகக் குட்டிக்கரணம் அடித்து நிமிர்ந்ததும் முழங்கையை உயர்த்துங்கள். காலில் பூட்ஸ் பெரிதாக இருந்தால் இது அடிக்கடி வரும். வாடகை சூட்டில் முதலில் பார்க்க வேண்டியது பூட்ஸ் அளவைத்தான்.

பொத்தான் சிக்கி காற்று நிற்காமல் வந்தால் முதல் வேலை சூட்டுக்குக் காற்று கொண்டுவரும் ஹோஸைக் கழற்றுவது. கனமான கையுறையோடு, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

சென்னைக்கே உரிய சில விஷயங்கள். பயிற்சியைக் காலை 6 மணிக்கு வையுங்கள். உள்ளே மெல்லிய முழுக்கை பனியன் போதும். சூட்டோடு கரையில் பத்து நிமிடம் வெயிலில் நின்றாலே மயக்கம் வரலாம், அதனால் மற்ற கருவிகளைத் தயார் செய்துவிட்டு சூட்டைக் கடைசியில் போடுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு லேடெக்ஸ் கழுத்து சீலை இழுக்காதீர்கள். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பிசுபிசுத்துக் கிழியும். வாசனை இல்லாத டால்கம் பவுடர் பூசினால் வழுக்கிப் போகும்.

குளத்தில் கிடைத்த எடையை அப்படியே சில்ஃப்ராவுக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டுமே நன்னீர்தான், ஆனால் அங்கே தடித்த உள்ளுடை போடுவீர்கள். அது பிடித்து வைக்கும் காற்றுக்கு ஈயம் பல கிலோ கூடும். கண்மட்டச் சோதனையை அங்கே, அந்த உள்ளுடையோடு, இறங்குவதற்கு முன் மறுபடி செய்யுங்கள்.