தேக்கா நிலையத்தின் அஞ்சல் குறியீட்டைக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி?

சிங்கப்பூரில் 1995 முதல் அஞ்சல் குறியீடுகள் ஆறு இலக்கம் கொண்டவை. காரணிப்படுத்திப் பழக அவை அருமையான எண்கள். தேக்கா நிலையத்தின் 210665-ஐ எடுத்துக்கொள்வோம். தாளும் பேனாவும் போதும்.

கடைசி இலக்கம் 5. ஆகவே 5-ஆல் வகுபடும், 2-ஆல் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டினால் 20 வருகிறது, 3-உம் இல்லை.

அடுத்து 7, 11, 13. மூன்றையும் ஒரே கழித்தலில் சோதிக்கலாம். எண்ணை மும்மூன்று இலக்கமாக வெட்டுங்கள்: 210, 665. கழித்தால் 455. இது 7-ஆலும் 13-ஆலும் மீதியின்றி வகுபடும். 11-ஆல் வகுத்தால் மீதி 4. முழு எண்ணுக்கும் இதே முடிவுதான். ஏனென்றால் 7 × 11 × 13 = 1001, நம் எண்ணோ 210 × 1001 + 455. முதல் பகுதி 7, 11, 13 மூன்றாலும் தானாகவே வகுபட்டுவிடுவதால் 455-ஐ மட்டும் பார்த்தால் போதும். 17, 19 போன்றவற்றுக்கு இந்த வழி செல்லாது.

இனி வகுத்துக்கொண்டே வாருங்கள். 5-ஆல் வகுத்தால் 42133, அதை 7-ஆல் வகுத்தால் 6019, அதை 13-ஆல் வகுத்தால் 463.

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 463 பகா எண்ணா என்று பார்க்க 463 வரை போக வேண்டியதில்லை. 22-இன் வர்க்கம் 484, அதாவது 463-ஐத் தாண்டிவிட்டது. 19 வரை சோதித்தால் போதும். 2, 3, 11 முன்பே கழிந்தன. ஆனால் 5, 7, 13 மூன்றையும் மறுபடி சோதியுங்கள், ஒரே காரணி இருமுறை வரலாம். மீதி முறையே 3, 1, 8. 17-க்கு மீதி 4, 19-க்கு 7. எனவே 463 பகா எண்.

210665 = 5 × 7 × 13 × 463

ஒவ்வொரு பகா எண்ணையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் மொத்த வகுத்திகள் 2 × 2 × 2 × 2 = 16. பகா எண் திரும்ப வந்தால் கணக்கு மாறும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 188064 = 2⁵ × 3² × 653. இரண்டை ஆறு விதமாக எடுக்கலாம் (ஒன்றுமில்லாமல், ஒன்று, இரண்டு, இப்படி ஐந்து வரை), மூன்றை மூன்று விதமாக, 653-ஐ இரு விதமாக, ஆக 36.

17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா கையாண்ட வழி ஒன்றும் உண்டு. ஒற்றைப்படை எண்களுக்கு ஏற்றது. வர்க்கமூலத்துக்குச் சற்று மேலுள்ள முழு எண்ணில் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழியுங்கள்; விடை ஒரு முழு வர்க்கமாக வரும்வரை ஒவ்வொன்றாக ஏறுங்கள். 210665-இன் வர்க்கமூலம் 459-க்குச் சற்றுக் குறைவு. 459² = 210681. அதிலிருந்து நம் எண்ணைக் கழித்தால் 16, அதாவது 4². ஆகவே (459 − 4) × (459 + 4) = 455 × 463. முதல் முயற்சியிலேயே உடைந்துவிட்டது! இரு காரணிகளும் நெருக்கமாக இருப்பதே காரணம். 6019-க்கு இதைச் செய்தால் 78-இல் தொடங்கி 238 வரை போக வேண்டும், ஏனெனில் 13-உம் 463-உம் வெகுதூரம். அதனால் சிறிய பகா எண்களை முதலில் சோதித்துவிடுவதே நல்லது.

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலின் 058793-ஐ நீங்களே செய்து பாருங்கள். முன்னால் உள்ள சுழியம் மதிப்பை மாற்றாது. 243-இன் வர்க்கத்திலிருந்து தொடங்குங்கள்.