பாவிக்காத கார்டுக்கும் காசு கேட்பார்கள்

கனடாவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும், அவர்களைக் கூப்பிட்டு வைத்திருக்கும் மாமா மாமிமாருக்கும் இதை எழுதுகிறேன். சின் நம்பர் (வேலை செய்யத் தேவையான எண்), வங்கிக் கணக்கு, ஹெல்த் கார்ட் எல்லாம் யாராவது கூட்டிக்கொண்டு போய் எடுத்துத் தந்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

என் பெறாமகன் வந்த முதல் மாதமே, மோலில் மேசை போட்டிருந்தவர்களிடம் கிரெடிட் கார்டுக்குக் கையெழுத்து வைத்தான். முதல் வருஷம் ஃப்ரீ என்றார்களாம். கார்ட் தபாலில் வந்தது. அவன் அதை ஒருநாளும் பாவிக்கவில்லை. மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கூட உரியாமல் பாஸ்போர்ட் உறைக்குள் கிடந்தது. ஊரில் நகையை அடைவு வைக்காதவனிடம் யார் வட்டி கேட்பார்? அந்த நினைப்பில்தான் அவனும் இருந்தான். இரண்டாம் வருஷம் 120 டொலர் ஆண்டுக் கட்டணம் விழுந்தது, அதற்கு மேல் வட்டி. பில் எல்லாம் பழைய ஸ்காபரோ பேஸ்மென்டுக்குப் போக, அவன் பிராம்ப்டனில் இருந்தான். கார் எடுக்கப் போன இடத்தில்தான் தெரிந்தது: கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது ஒருவர் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று காட்டும் பதிவில், ஆர்9. ஒழுங்காகக் கட்டுபவருக்கு ஆர்1. ஆர்9 என்றால் அறவிட முடியாத கடன். ஒரு சதம் கடன் வாங்காத பிள்ளை! எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

உடனே வங்கிக்கு ஃபோன் எடுத்தான். "கட்டணத்தைத் தள்ளிவிட்டோம், கணக்கையும் மூடியாச்சு" என்றார்கள். அதோடு முடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாகப் படுத்தோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே ஆர்9. கணக்கை மூடுவது வேறு, ரிப்போர்ட்டைத் திருத்துவது வேறு. எந்தத் திகதியில் யாரோடு பேசினான் என்று கேட்டார்கள். அவன் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை.

ஆகவே கடிதம் கேளுங்கள். கட்டணம் நீக்கப்பட்டது, கிரெடிட் நிறுவனங்களுக்குத் திருத்தம் அனுப்புகிறோம் என்று இரண்டும் எழுத்தில் வரவேண்டும். கலெக்‌ஷன்காரர் (கடனை அறவிடுபவர்) ஃபோனில் வெருட்டினால் கடன் விவரத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பயந்து கட்டினாலும் பதிவு அழியாது. கட்டப்பட்டது என்ற குறிப்போடு ஏறத்தாழ 6 வருஷம் கிடக்கும்.

இந்த ரிப்போர்ட்டை வைத்திருக்கும் கிரெடிட் நிறுவனங்களான எக்குவிஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டும் தனித்தனி. ரிப்போர்ட் எடுப்பதும் பிழை திருத்தக் கேட்பதும் இரண்டிலும் இலவசம். நாங்கள் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்ததில் இன்னும் நாலு மாதம் போனது. காசு வாங்கிக்கொண்டு திருத்தித் தருகிறோம் என்பவர்களிடம் போகவே வேண்டாம். முறைப்பாடு கொடுத்து 56 நாளில் வங்கி முடிவு தராவிட்டால் ஓபிஎஸ்ஐக்கு எழுதுங்கள். 2024 நவம்பர் 1 முதல் வங்கி முறைப்பாடுகளை வெளியிலிருந்து விசாரிப்பது அது ஒன்றுதான், அதற்கும் காசில்லை.

இனிப் பெயரைக் கட்டியெழுப்புவது. ஊரில் இன்னாருடைய மகன் என்றாலே கடைக்காரர் கொப்பியைத் திறப்பார். இங்கே சீட்டுக் காசை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும், பேஸ்மென்ட் வாடகையை முதலாம் திகதியே கையில் கொடுத்தாலும் ரிப்போர்ட்டில் ஏறாது. பெறாமகன் 500 டொலர் வைப்பிட்டு, ஆண்டுக் கட்டணம் இல்லாத செக்யூர்ட் கார்ட் ஒன்று எடுத்தான். ஃபோன் பில் மட்டும் அதில் போகும். கார்டின் கடன் எல்லையில் 30 வீதத்தைத் தாண்டவிடமாட்டான். தவணைக்கு முன்பே முழுவதையும் கட்டிவிடுவான். போன மாதம் மறுபடி வீடு மாறினான். பெட்டி கட்ட முதல் வங்கிக்குப் புது விலாசம் கொடுத்துவிட்டுத்தான் எனக்கே சொன்னான்.