யூடெக்டிக் கரைப்பானைக் கலக்கும் முன், கொட்டும் முன்

நான் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், மூத்தவர் ஒருவர் ஒரு பாட்டிலை நீட்டி, "பசுமைக் கரைப்பான்தான், பயப்படாமல் தொடு" என்றார்; சூழலுக்கும் உடலுக்கும் தீங்கு குறைந்த கரைப்பான் என்று அர்த்தம். கோலின் குளோரைடு என்ற உப்பும் மலோனிக் அமிலமும் கலந்த குழம்பு அது. ஒரு சொட்டை பி.எச். தாளில் வைத்தேன், தாள் செக்கச்செவேல் என்று ஆனது; கடும் அமிலம். பசுமை என்று யாராவது சொன்னால் இன்றும் முதலில் கையுறையைத்தான் தேடுகிறேன்.

ஆழ் யூடெக்டிக் கரைப்பான் என்பது, தனித்தனியே திடமாக இருக்கும் பொருள்கள்கூடச் சேர்ந்ததும் திரவமாகிவிடும் கலவை. யூரியா 133 டிகிரியில் உருகும். கோலின் குளோரைடுக்கு 300 டிகிரிக்கு மேல் வேண்டும். ஒரு மூலக்கூறு கோலின் குளோரைடுக்கு இரண்டு மூலக்கூறு யூரியா என்ற கணக்கில் (1:2 மோல் விகிதம்) கலந்தால் 12 டிகிரியிலேயே திரவம். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ அபாட் குழு 2003-ல் இதை வெளியிட்ட பிறகுதான் இந்தப் பெயர் பரவியது.

கலப்பதற்கு முன் பெயரைப் பிரித்துப் பாருங்கள். நாமே கலக்கும் திரவத்துக்குத் தனியாகப் பாதுகாப்புத் தரவுத்தாள் இருக்காது. கூறுகள் ஒவ்வொன்றின் தாளையும் எடுத்துப் படிக்க வேண்டும். கோலின் குளோரைடோடு கிளிசரால் சேர்ந்தால் சாதுவான கலவை. அதே இடத்தில் எத்திலீன் கிளைக்கால் வந்தால் கதை வேறு: வயிற்றுக்குள் போனால் உடல் அதை ஆக்சாலிக் அமிலமாக மாற்றும், சிறுநீரகம் கெடும். துத்தநாக குளோரைடு சேர்ந்தவை தோலை அரிக்கும். தைமால் தாவரத்திலிருந்து வருவதுதான், ஆனால் தோலைப் புண்ணாக்கும், நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு.

கூறுகள் சாது என்பதால் கலவையும் சாது என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறாலை வைத்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், கோலின் குளோரைடு கலவைகள் தம் கூறுகளைவிட அதிக நச்சு காட்டின.

சரி, கலக்கலாம். 100 கிராம் கோலின் குளோரைடுக்கு 86 கிராம் யூரியா. கோலின் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் உலர்த்திவிட்டு எடை போடுங்கள். புகை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்து, 80 டிகிரியில், தெளிவாகும்வரை கலக்குங்கள். அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றாதீர்கள். நான் ஏற்றியிருக்கிறேன், குடுவையைத் திறந்ததும் அம்மோனியா மூக்கைத் துளைத்தது, யூரியா சிதைய ஆரம்பித்திருந்தது. அழுகிய மீன் வாடை வந்தால் அது டிரைமெத்திலமீன், கோலின் உடைகிறது என்று அர்த்தம். பழைய லித்தியம் பேட்டரியிலிருந்து கோபால்ட் எடுக்க கோலின் குளோரைடு-எத்திலீன் கிளைக்கால் கலவையை 180 டிகிரிக்கு மேல் சூடாக்கும் முறை ஒன்று உண்டு. அந்தச் சூட்டில் டிரைமெத்திலமீனோடு கொடிய நஞ்சான 2-குளோரோஎத்தனாலும் உருவாகிறது. பசுமை என்ற பெயர் அறை வெப்பநிலையில் வாங்கியது. அடுப்பில் ஏற்றிய பிறகு அது செல்லாது.

மலோனிக் அமிலக் கலவையைச் சூடாக்கினால் அமிலம் உடைந்து கார்பன் டை ஆக்சைடு வரும். அப்படிச் சூடாக்கியதை ஆறும் முன்பே இறுக்கி மூடி வைத்து, மறுநாள் மூடி தெறித்து விழுந்த சத்தத்தில் திடுக்கிட்டிருக்கிறேன்.

இந்த வகையின் உண்மையான நன்மை, ஹெக்சேன், டைகுளோரோமீத்தேன் போன்ற வழக்கமான கரைப்பான்களைப் போல ஆவியாகி நுரையீரலுக்குள் போகாதது. கோலின் குளோரைடு வகைகளுக்கு இது பெரும்பாலும் சரி. மெந்தால், தைமால் கலவைகளுக்குப் பொருந்தாது. மணம் வருகிறது என்றால் ஆவியும் வருகிறது என்றுதானே பொருள்?

தரையில் சிந்தினால் எண்ணெய்போல வழுக்கும். முதலில் உறிஞ்சுபொருளால் ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் தண்ணீரால் துடையுங்கள். யூரியா கலவை மேல் குளோரின் பிளீச் ஊற்றவே ஊற்றாதீர்கள்; வெடிக்கக்கூடிய நைட்ரஜன் டிரைகுளோரைடு உருவாகலாம். குளோரைடு இருப்பதால் எஃகுக் கரண்டியும் நாளடைவில் புள்ளிபுள்ளியாக அரிபடும்.

இனி, கொட்டுவது. 'எளிதில் மட்கும்' என்ற சான்றுக்கு, மூடிய பாட்டில் சோதனையில் 28 நாளுக்குள் 60 சதவீதம் மட்க வேண்டும். கோலின் குளோரைடு கலவைகள் பலவும் இதைத் தாண்டுகின்றன. அதை நம்பித்தான் பலர் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். ஆனால் மட்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன்தான் செலவாகிறது, யூரியாவின் நைட்ரஜன் பாசிக்கு உரமாகிறது. அதைவிட முக்கியம், நாம் அதில் எதைக் கரைத்தோம் என்பது. கரைப்பான் மட்கிவிடும், அதிலுள்ள கோபால்ட்டும் ஈயமும் எங்கே போகும்? உலோகம் கலந்ததைத் தனி பாட்டிலில் உலோகக் கழிவாகவே சேர்த்து வையுங்கள். குழம்பாக இருப்பதால் பாத்திரத்தைக் கழுவ நிறையத் தண்ணீர் பிடிக்கும், அந்தக் கழுவுநீரும் இதே கணக்கில்தான் சேரும்.

கோலின் குளோரைடு கோழித் தீவனத்தில் போடுவதுதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் தொழிற்சாலையில் அதைச் செய்வது டிரைமெத்திலமீன், ஹைட்ரோகுளோரிக் அமிலம், எத்திலீன் ஆக்சைடு மூன்றையும் வைத்து. கடைசியாகச் சொன்னது புற்றுநோய் உண்டாக்குவது. அதனால் ஒரே முறை பயன்படுத்தி எறியாமல், தண்ணீர் சேர்த்து விளைபொருளைப் பிரித்த பின், அந்தத் தண்ணீரை ஆவியாக்கிக் கரைப்பானைத் திரும்ப எடுக்க முடியுமா என்று முயன்று பாருங்கள்.

என் பாட்டில் ஒவ்வொன்றிலும் ஐந்து விவரம் எழுதி ஒட்டுகிறேன்: கூறுகள், விகிதம், தேதி, எவ்வளவு சூடாக்கினேன், எதைக் கரைத்தேன். 'பசுமைக் கரைப்பான்' என்று மட்டும் எழுதிய பாட்டில் அலமாரியில் கிடந்தால் பி.எச். பார்க்காமல் நான் தொடுவதில்லை.