வாஸ்குலர் சர்ஜரி (ரத்தக்குழாய் அறுவை) படிக்கப் போகிறீர்களா? இடம் பார்ப்பதும் கை பழகுவதும்

எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடிக்கும் தறுவாயில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "வாஸ்குலர் பெல்லோஷிப் எங்கே செய்யலாம்?" என்றுதான். முதலில் அந்தச் சொல்லில் இருக்கும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஐந்து ஆண்டு ஜெனரல் சர்ஜரிக்குப் பிறகு வரும் இரண்டு ஆண்டு பெல்லோஷிப், வாஸ்குலர் சர்ஜன் ஆவதற்கான முறையான வழிகளில் ஒன்று. இந்தியாவில் அதற்கு ஈடானது, எம்.எஸ்.ஸுக்கு மேல் படிக்கும் மூன்று ஆண்டு சூப்பர் ஸ்பெஷாலிட்டி பட்டங்களான எம்.சிஎச். அல்லது டிஆர்என்பி. எம்.எஸ். முடித்த கையோடு ஒரு தனியார் ஆஸ்பத்திரி தானாகக் கொடுக்கும் ஓராண்டு பெல்லோஷிப் சான்றிதழ், எவ்வளவு நல்ல இடத்தில் வாங்கினாலும், அங்கீகரிக்கப்பட்ட சூப்பர் ஸ்பெஷாலிட்டி பட்டம் ஆகாது. பட்டம் வாங்கிய பிறகு ஒரு குறிப்பிட்ட திறமைக்காகச் செய்தால் அது அருமையான விஷயம், ஆனால் பட்டத்துக்குப் பதிலாக அதைச் செய்யாதீர்கள்.

நுழைவு பெரும்பாலும் நீட் எஸ்.எஸ். என்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு வழியாகத்தான். கேள்விகள் ஜெனரல் சர்ஜரி முழுவதிலிருந்தும் வரும், ரத்தக்குழாய் மட்டும் படித்துக்கொண்டு போனால் தேறாது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரி இடங்களில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு. படிப்புக்குப் பிறகு அரசுக்கு வேலை செய்ய எழுதித் தரும் பாண்டு எத்தனை ஆண்டு, மீறினால் தொகை எவ்வளவு என்பதைக் கவுன்சலிங்குக்கு முன்பே எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

சரி, இடத்தை எப்படித் தேர்வது? சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி., பெங்களூரு ஜெயின் இன்ஸ்டிட்யூட் என்று பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். பெயரை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீர்கள், நேரில் போய் இரண்டு நாள் நில்லுங்கள். அங்கே படித்து முடித்து வெளியே போன ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள், ஏனென்றால் உள்ளே இருப்பவர் மனம்விட்டுச் சொல்வது கஷ்டம். கேட்க வேண்டியது இதுதான்: முழங்காலுக்குக் கீழே போகும் ஆன்ஜியோபிளாஸ்டியில் (அடைத்த தமனியை உள்ளிருந்து பலூனால் விரிப்பது) வயர் யார் கையில் இருந்தது? சில ஊர்களில் அந்த வேலை முழுக்க இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிக்கோ கார்டியாலஜிக்கோ போய்விடுகிறது, வாஸ்குலர் மாணவருக்கு மிஞ்சுவது புண் சுத்தம் செய்வதும் விரல் எடுப்பதும். வேறு சில இடங்களில் இதற்கு நேர்மாறாக, மூன்று ஆண்டு வயர் வேலை நடக்கும் கேத்லேப்பிலேயே கழிந்து, ஒரு ஃபெமோரல்–பாப்லிட்டியல் பைபாஸை (தொடையிலிருந்து முழங்கால் வரை அடைப்பைத் தாண்டிப் புது வழி போடுவது) தோல் திறப்பதிலிருந்து தையல் போடுவது வரை தானே செய்யாமல் ஒருவர் வெளியே வருகிறார். இரண்டுமே அரைப் படிப்புதான். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா எத்தனை போட்டீர்கள், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டூப்ளெக்ஸ் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை நீங்களே பார்த்தீர்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். அயோர்ட்டா (மகாதமனி) கேஸ் குறைவு என்று யாராவது சொன்னால் அதற்காக அந்த இடத்தை ஒதுக்க வேண்டாம். உள்ளே வைக்கும் செயற்கைக் குழாயான கிராஃப்டின் விலையால் நம் ஊரில் பல இடங்களில் அப்படித்தான், அதைப் பின்னால் தனியாகக் கற்கலாம். சர்க்கரை நோயாளியின் காலைக் காப்பாற்றுவதைத்தான் பின்னால் கற்றுக்கொள்ள முடியாது.

கத்தி, வயர் இரண்டும் ஏன் வேண்டும் என்பதற்கு 2022-லும் 2023-லும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளைப் பாருங்கள். ரத்த ஓட்டம் குறைந்து இழக்கும் நிலையில் இருக்கும் கால்களில், காலில் ஓடும் சஃபீனஸ் சிரை நன்றாக இருந்தால் பைபாஸை முதலில் செய்வது மேல் என்றது பெஸ்ட்-சிஎல்ஐ. முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களில் எண்டோவாஸ்குலரை (வயர், பலூன் வழி சிகிச்சையை) முதலில் செய்துகொண்டவர்கள் காலை இழக்காமல் உயிரோடு இருந்தது அதிகம் என்றது பேசில்-2. இரண்டையும் உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள், எந்த மாதிரி நோயாளிகளைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். ஒரு வேலை மட்டும் தெரிந்தவர் எல்லாக் காலுக்கும் அதையேதான் சொல்வார்.

முதல் ஆறு மாதம் டூப்ளெக்ஸ் மெஷினோடு இருங்கள். கையில் பிடிக்கும் டாப்ளரை எப்போதும் பையில் வைத்துக்கொண்டு, ஓ.பி.யில் வரும் ஒவ்வொரு காலிலும் சத்தம் கேளுங்கள். ஆரோக்கியமான தமனியின் மூன்று கட்டச் சத்தமும், அடைப்புக்குக் கீழே வரும் மந்தமான ஒற்றைச் சத்தமும் காதுக்குப் பழக நாளாகும். கணுக்கால் அழுத்த விகிதம் (கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தது) 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு என்று பாடத்தில் இருக்கும். ஆனால் சர்க்கரை நோயில் தமனிச் சுவர் சுண்ணாம்பாகி, பட்டை இறுக்கினாலும் நசுங்காமல், 1.4-க்கு மேல் காட்டும். அதை நல்ல ரத்த ஓட்டம் என்று நினைத்து அனுப்பிவிடாதீர்கள், கால்விரல் அழுத்தத்தைப் பாருங்கள்.

அப்புறம் பங்ச்சர், அதாவது தமனிக்குள் ஊசி குத்துவது. இதை எளிது என்று எல்லோரும் கடந்துவிடுகிறார்கள். தொடை இடுக்கில் காமன் ஃபெமோரல் தமனியை, அது இரண்டாகப் பிரியும் இடத்துக்கு மேலே, இன்குவினல் லிகமென்டுக்குக் கீழே, தொடை எலும்பின் தலைக்கு நேராகக் குத்த வேண்டும், அங்கேதான் பின்னால் எலும்பு இருக்கிறது, அழுத்தினால் ரத்தம் நிற்கும். பயிற்சிக் காலத்தில் ஒருநாள் அவசரத்தில் ஸ்கேன் வைக்காமல் தொட்டுப் பார்த்தே குத்தினேன். கேஸ் நன்றாக முடிந்தது, இடுக்கில் வீக்கமே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெரியவர், "இடுப்பு வலிக்குது தம்பி" என்றார். கடினமான மேசையில் படுத்ததால் என்று நினைத்தேன். அடுத்த முறை பார்க்கும்போது நாடி 120. குத்தியது மேலே போய், ரத்தம் வயிற்றுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டிருந்தது. சீனியர் வந்து திறந்து தைத்ததால் அவர் பிழைத்தார். அன்றிலிருந்து ஸ்கேன் இல்லாமல் நான் ஊசி எடுப்பதில்லை. ஊசி நுனி தமனியின் முன்சுவரை அமுக்கி உள்ளே நுழைவதைத் திரையில் பார்த்த பிறகுதான் வயர். வயர் தடுத்தால் தள்ளாதீர்கள், நிறுத்தி எக்ஸ்ரேயில் பாருங்கள்.

தையலுக்கு வீட்டிலேயே பழகலாம். கறிக்கடையில் ஆட்டு இதயத்தை மகாதமனித் துண்டோடு கேட்டு வாங்கி, 6-0 புரோலின் என்ற மெல்லிய தையல் நூலில் போட்டுப் பாருங்கள். நோயுள்ள தமனியில் ஊசி எப்போதும் உள்ளிருந்து வெளியே வர வேண்டும், வெளியிலிருந்து உள்ளே குத்தினால் உள்படலமும் கொழுப்புப் படிவும் உரிந்து கதவு போல விழுந்து ஓட்டத்தை அடைத்துவிடும். ஃபோர்செப்ஸால் உள்படலத்தைக் கிள்ளாதீர்கள். நூலைப் பின்தொடர்ந்து பிடிப்பவர் தளர்த்திவிட்டால் நடுவில் கசியும், அதனால் முதல் ஆண்டில் அந்த நூலை ஒழுங்காகப் பிடித்துக் கொடுப்பதே பெரிய பாடம்.

கதிர்வீச்சை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தர மாட்டார்கள். உங்கள் மேல் படுவதில் பெரும்பகுதி நோயாளியின் உடலில் பட்டுச் சிதறி வருவது. எக்ஸ்ரே குழாய் மேசைக்குக் கீழே, படம் பிடிக்கும் டிடெக்டர் நோயாளியின் உடலை ஒட்டி, படம் எடுக்கும் நேரத்தில் நீங்கள் இரண்டு அடியாவது பின்னால். தூரம் இரட்டிப்பானால் அளவு கால்வாசியாகும். ஐந்து ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. உங்கள் மேல் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜை லாக்கரில் வைத்துவிட்டு வேலை செய்தால் உங்கள் கணக்கு யாருக்கும் தெரியாமல் போகும். ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் மாட்டுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு அயோர்ட்டாவுக்காக வெளிநாடு போக நினைத்தால், அது அப்சர்வர் வேலையா, கை வைக்கும் வேலையா என்று முதல் கடிதத்திலேயே கேளுங்கள். அந்த நாட்டு மருத்துவக் கவுன்சில் பதிவு இல்லாமல் நோயாளியைத் தொட விட மாட்டார்கள். அந்தத் தாள் வேலைக்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

லாக்புக்கை மட்டும் முதல் நாளிலிருந்து எழுதுங்கள். கல்லூரி கேட்கும் வடிவத்தில் செய்த ஆபரேஷனும் தேதியும் மட்டும்தான் இருக்கும். உங்கள் நோட்டில் இன்னும் மூன்று கட்டம் போடுங்கள்: 30 நாளில் கால் எப்படி, ஆறு மாதத்தில் எப்படி, ஒரு வருடத்தில் எப்படி. புண் ஆறியதா, நடக்கிறாரா, பீடி நிறுத்தினாரா, மறுபடி அடைத்ததா, காலை எடுத்துவிட்டார்களா. மேசையில் படம் அழகாக வந்த எத்தனை பலூன் ஆறு மாதம் தாங்கவில்லை என்பது இந்த நோட்டில்தான் தெரியும், அதைப் பார்த்த பிறகு அடுத்த காலுக்கு என்ன செய்வது என்று நீங்கள் எடுக்கும் முடிவு மாறும். டிஸ்சார்ஜ் அன்று நோயாளியின் போன் நம்பரோடு மகன் அல்லது மகளின் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு வருடம் கழித்துக் கூப்பிடும்போது பெரும்பாலும் அந்த இரண்டாவது நம்பரில்தான் ஆள் கிடைப்பார்.