ஃப்ரோசன் பீட்சாவின் விதிகளை வீட்டு மாவின்மேல் போடாதீர்கள்

வீட்டில் பீட்சா செய்யத் தொடங்குபவர்களில் பலரும் அதற்கு முன் ஃப்ரோசன் பீட்சாவில் பழகியிருப்பார்கள். அதன் ருசி, அதன் மொறுமொறுப்பு, பெட்டியில் அச்சிட்ட வெப்பநிலை, நேரம் எல்லாம் மனதில் பதிந்திருக்கும். ஒரு நாள் ஆசைப்பட்டுத் தாங்களே மாவு பிசைவார்கள். முதல் பீட்சா சுமாராக வரும். "இதுக்கு அந்தப் பெட்டி பீட்சாவே மேல்" என்று அதோடு விட்டுவிடுவார்கள். நான் ஆரம்பத்தில் செய்த தவறுகளையே இவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அட்டையோடு ஓவனுக்குள் வைப்பது, மாவில் உப்பு போட மறப்பது இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. ஒரு முறை செய்தால் தானே புரிந்துவிடும். மாதக்கணக்கில் செய்தும் தவறு என்றே தெரியாமல் போகிறவை சில உண்டு. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டியில் போட்ட வெப்பநிலையில் பச்சை மாவைச் சுடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். மற்ற தவறுகள் ஒரு பீட்சாவைக் கெடுக்கும். இது ஆளையே வீட்டு பீட்சா பக்கம் வரவிடாமல் செய்துவிடும்.

என் அக்கா மகன் பொறுமைசாலி. மாவை அளந்து பிசைந்து, இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் புளிக்க வைத்திருந்தான். சாஸ் அவன் கையால் செய்தது. சீஸைக் கட்டியாக வாங்கித் துருவியிருந்தான். மாவை விரித்த அழகில்கூடக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ஓவனை 200 டிகிரிக்குத் திருப்பினான். ஓவன் 'பீப்' என்றதும், குளிர்ந்து கிடந்த அலுமினிய டிரேயில் பீட்சாவை வைத்து உள்ளே தள்ளினான். 15 நிமிடத்தில் சீஸ் உருகிவிட்டது, விளிம்பு மட்டும் வெளுத்தே இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று நீட்டினான். கடைசியில் ஓரம் பல்லுக்கு அடங்கவில்லை, நடுவில் அடிப்பாகம் நசநசவென்று இருந்தது, சீஸ் எண்ணெய் கக்கி ரப்பராகியிருந்தது.

"ஏன்டா 200-ல வச்சே?" என்றேன்.

"பெட்டியில 200-ன்னுதானே சித்தி போட்டிருக்கு? பீட்சான்னா அதுதானே?"

இரண்டு நாள் காத்திருந்த மாவு அது. அடுத்த வாரம் அவன் ஃப்ரீசரில் மறுபடியும் பெட்டிகள்தான் இருந்தன.

பெட்டியில் இருப்பது பொய்யில்லை. அது வேறொரு பொருளுக்கு எழுதியது. பெரும்பாலான ஃப்ரோசன் பீட்சாக்களின் பேஸ் தொழிற்சாலையிலேயே பாதிக்குமேல் வெந்துவிடுகிறது. மாவின் ஸ்டார்ச் வெந்து இறுகி, ஈரத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. நம் ஓவன் அதற்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: பனியை உருக்க வேண்டும், நடுவரை சூடேற்ற வேண்டும், சீஸை உருக்கி அடியை மொறுமொறுப்பாக்க வேண்டும். இதற்கு 200 முதல் 220 டிகிரி நல்ல வெப்பநிலை. அதைவிட அதிகம் வைத்தால் நடுவில் பனி உருகுவதற்குள் ஓரம் கருகும்.

வீட்டு மாவின் நிலை வேறு. 100 கிராம் உலர் மாவுக்கு 60, 65 கிராம் தண்ணீர் சேர்க்கிறோம். அந்தத் தண்ணீர் போகாதவரை மாவின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் அந்த வறுத்த மணமும் வருவதற்கு மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஓவன் மிதமான சூட்டில் இருந்தால் அந்த நிறம் வர நேரமாகும். அந்த நேரம் முழுக்க மாவின் உள்ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். நிறம் வரும்போது உள்ளே காய்ந்து கட்டையாகியிருக்கும். சூடு அதிகமாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கும்போதே வெளியே நிறம் வந்துவிடும். மெத்தென்ற உள்பாகமும் மெல்லிய மொறுமொறுப்பும் ஒன்றாகக் கிடைப்பது அப்போதுதான். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்பில் 400 டிகிரிக்கு மேல் வைத்து 60 முதல் 90 நொடியில் பீட்சாவை எடுத்துவிடுகிறார்கள். அந்த மென்மையின் ரகசியத்தில் பாதி அந்த வேகம்தான்.

வீட்டு ஓவன் அவ்வளவு போகாது, சரி. ஆனால் அது போகும் உச்சத்துக்காவது கொண்டுபோங்கள். 250 என்றால் 250. 'பீப்' சத்தத்தை நம்பாதீர்கள். ஓவனின் உணரி அளப்பது உள்ளே இருக்கும் காற்றின் சூட்டை. பீட்சா உட்காரப்போகும் கல்லோ இரும்புத் தகடோ அந்தச் சூட்டுக்கு வர 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். காற்று சூடாகி, கல் பாதி ஆறிக் கிடக்கும்போது மாவை வைத்தால் அடி வேகாது. மேலே சீஸ் கருகிக் கீழே பச்சையாக வருகிற பீட்சாக்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கல்லா தகடா என்று கேட்டால், கனமான இரும்புத் தகடு என்பேன். கல்லைவிட வேகமாக அது வெப்பத்தை மாவுக்குக் கடத்தும். ஒரே 250 டிகிரியில் தகட்டில் அடி முன்னாலேயே நிறம் பிடித்துவிடும். 6 முதல் 9 நிமிடத்தில் பீட்சா முடிந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் கனமான இரும்பு வாணலி ஒன்று போதும். அதை அடுப்பில் நன்றாகக் காயவிட்டு, விரித்த மாவை அதில் போட்டு சாஸ், சீஸ் பரப்பி, அடி நிறம் பிடிக்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். பிறகு வாணலியோடு ஓவனின் மேல் கிரில்லுக்குக் கீழே நகர்த்துங்கள். பேக்கிங் பேப்பரின்மேல் சுடுபவர்கள் அதன் பெட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல பேப்பர்கள் 220 டிகிரிவரைதான் தாங்கும்.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கும். புதிதாகப் பீட்சா கல் வாங்கியவர்கள் அதை 250-ல் காய்ச்சி அதன்மேல் ஃப்ரோசன் பீட்சாவைத் தூக்கிப் போடுவார்கள். அடி கருகும், நடு குளிர்ந்தே இருக்கும். அது மட்டுமில்லை, காய்ந்த கல்லில் பனிக்கட்டி போன்ற ஒன்று பட்டால் கல்லே விரிசல் விடலாம். இன்னொன்று, ஓவனிலேயே உப்பி எழும் பேஸ் என்று சில ஃப்ரோசன் பீட்சாக்கள் உண்டு. அமெரிக்காவில் டிஜியோர்னோ என்ற பிராண்டு 1990-களின் நடுவில் பிரபலமாக்கிய வகை. அவற்றின் பேஸ் வேகாத மாவு. உறைந்திருப்பதால் முதலில் இளக வேண்டும், எழ வேண்டும், பிறகுதான் வேக வேண்டும். அதற்கு நிதானமான சூடு வேண்டும். அங்கே பெட்டி சொல்வதை அப்படியே கேளுங்கள்.

ஈஸ்ட்டை அள்ளிப் போட்டு ஒரு மணி நேரத்தில் முடிப்பது

500 கிராம் மாவுக்கு ஒரு முழு ஈஸ்ட் பாக்கெட், அதாவது 7 கிராம், என்று பல குறிப்புகளில் இருக்கும். மாவு சீக்கிரம் உப்பும், உண்மைதான். ஆனால் உப்புவது மட்டும் புளிப்பு ஆகாது. மாவில் இருக்கும் என்சைம்கள் ஸ்டார்ச்சைச் சர்க்கரையாக உடைக்க நேரம் வேண்டும். அந்தச் சர்க்கரைதான் ஓவனில் நிறமாகிறது. அவசர மாவு வெளுத்து வருவதும், ஈஸ்ட் வாடை தூக்கலாக இருப்பதும் அதனால்தான். ஃப்ரோசன் பேஸோடு ஒப்பிட்டு "வீட்டு மாவுக்கு ருசியே இல்லை" என்று சொல்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அநேகமாக ஒரு மணி நேர மாவாக இருக்கும்.

நான் சொல்லும் அளவு: மாவு 500 கிராம், தண்ணீர் 325, உப்பு 10 முதல் 12, உலர் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 முதல் 2 கிராம். பிசைந்து, அறைச் சூட்டில் கொஞ்ச நேரம் விட்டு, ஃப்ரிட்ஜில் 24 முதல் 72 மணி நேரம். காத்திருப்பதைத் தவிர கூடுதல் வேலை ஒன்றும் இல்லை.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் விரிப்பது

குளிர்ந்த மாவு இழுத்தால் இழுத்த வேகத்தில் சுருங்கும். உடனே எல்லோரும் பூரிக்கட்டையைத் தேடுவார்கள். கட்டையால் தேய்த்தால் இரண்டு நாளில் சேர்ந்த காற்றெல்லாம் வெளியே போய்விடும், விளிம்பு எழும்பாது. உருண்டைகளைச் சுடுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே எடுத்து மூடி வையுங்கள். பிறகு கைவிரலே போதும்.

ஃப்ரோசன் பீட்சாவை முன்னாலேயே வெளியே எடுத்து இளக விடுவது

வேண்டாம். பெட்டியில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் ஃப்ரீசரிலிருந்து நேராக ஓவனுக்கு.

விலை கூடிய இத்தாலிய '00' மாவு (மிக நைசாக அரைத்த கோதுமை மாவு) வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவது

அந்த மாவுகளில் பல, 400 டிகிரி அடுப்பில் ஒன்றரை நிமிடத்தில் வேகுவதற்கென்றே அரைத்தவை. வீட்டு ஓவனின் 250 டிகிரியில் அவை வெளுத்தே கிடக்கும். நல்ல புரதம் உள்ள ரொட்டி மாவு இங்கே அதைவிட நன்றாக வரும். மாவின் எடையில் 1 முதல் 2 சதவீதம் சர்க்கரையும் 2 சதவீதம் எண்ணெயும் சேர்த்தால் நிறமும் மென்மையும் கூடும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நேப்பிள்ஸ் மாவில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர எதுவும் கிடையாது என்பார்கள். அவர்கள் அடுப்பு உங்களிடம் இருந்தால் நீங்களும் சேர்க்க வேண்டியதில்லை.

ஈர சீஸை அப்படியே போடுவது

தண்ணீரில் மிதக்கும் புது மோட்சரெல்லா அழகானது. ஒன்றரை நிமிட அடுப்பில் அதன் தண்ணீர் வெளியே வருவதற்குள் பீட்சா முடிந்துவிடும். வீட்டில் எட்டு நிமிடம் ஆகும்போது அத்தனை தண்ணீரும் நடுவில் குளம் கட்டும். வெட்டி, வடிகட்டியில் போட்டு ஒரு மணி நேரமாவது வடியவிட்டு, துணியில் ஒற்றி எடுத்துப் போடுங்கள். ஈரம் குறைந்த கட்டி மோட்சரெல்லா என்றால் இந்தப் பாடு இல்லை. ஃப்ரோசன் பீட்சாவிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. அதில் சீஸ் ஒழுங்காக உருகி நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஃப்ரோசன் பீட்சாவின்மேல் பச்சைக் காய்கறியைக் குவிப்பது

காளான், குடைமிளகாய், தக்காளி எல்லாம் தண்ணீர் விடும். பெட்டியில் போட்ட நேரம் அந்தத் தண்ணீரைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சேர்க்கத்தான் வேண்டுமென்றால் முன்னாலேயே வாணலியில் வதக்கித் தண்ணீரை வற்றவிட்டுச் சேருங்கள். கீரை, துளசி வகை இலைகளை வெளியே எடுத்தபின் தூவலாம்.

மொறுமொறுப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்வது

"வீட்டு பீட்சாவில் அந்த 'கரக்' வரவில்லை" என்று அடிக்கடி கேட்கிறேன். வராது, ஏனென்றால் சில ஃப்ரோசன் பீட்சாக்களில் அது வேறு வழியில் வந்தது. ஆரம்பகால ஃப்ரோசன் பீட்சாக்களின் பேஸ் அட்டை மாதிரி இருந்தது பெரிய குறையாக இருந்தது. அமெரிக்காவில் கணவரோடு பீட்சா கடை நடத்தி, 1960-களில் ஃப்ரோசன் பீட்சா தொழிலில் இறங்கிய ரோஸ் டோட்டினோ அதற்கு ஒரு தீர்வு கண்டார்: பேஸை எண்ணெயில் பொரித்துவிடுவது. 1979-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. பொரித்த மாவின் மொறுமொறுப்பை, எண்ணெயே படாத மாவில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அந்த மொறுமொறுப்புதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதில் தவறு எதுவும் இல்லை. பிடித்ததைச் சாப்பிடத்தானே சமைக்கிறோம். வாணலியிலோ ஆழமான டிரேயிலோ தாராளமாக எண்ணெய் ஊற்றி, மாவை அதில் பரப்பி, அதிலேயே எழவிட்டுச் சுடுங்கள். அடி எண்ணெயில் பொரிந்தே வேகும். ஃப்ரோசன் பீட்சா ரசிகர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்த வகையைத்தான். பீட்சா என்றாலே விறகு அடுப்பில் சுட்டு, விளிம்பில் கரும்புள்ளியோடுதான் இருக்க வேண்டும் என்று அவர்களை மிரட்டுவது எனக்குப் பிடிக்காது.

எடுத்ததும் வெட்டுவது

இரண்டு நிமிடம் கம்பி வலைமேல் வையுங்கள். தட்டில் வைத்தால் ஆவி அடியில் தேங்கி மொறுமொறுப்பு போய்விடும்.

வீட்டில் செய்ததைப் பச்சையாக ஃப்ரீசரில் வைப்பது

வீட்டு மாவும் வேண்டும், ஃப்ரோசன் வசதியும் வேண்டும் என்று நினைப்பது நல்ல யோசனை. ஆனால் பலர் சாஸ், சீஸ் எல்லாம் போட்டு வேகாத பீட்சாவை அப்படியே உள்ளே வைத்துவிடுகிறார்கள். தொழிற்சாலைகளில் கடுங்குளிர்க் காற்றை அடித்து வேகமாக உறைய வைக்கிறார்கள். வீட்டு ஃப்ரீசர் -18 டிகிரியில் மெதுவாகத்தான் உறைய வைக்கும். மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளரும். அவை மாவைப் பிடித்து வைத்திருக்கும் புரத வலைப்பின்னலைக் கிழிக்கும். போதாததற்கு சாஸின் ஈரம் பச்சை மாவுக்குள் இறங்கிவிடும்.

தொழிற்சாலை செய்வதையே செய்யுங்கள். மாவை விரித்து, மிக மெல்லியதாகச் சாஸ் தடவி, உச்ச சூட்டில் மூன்று நான்கு நிமிடம் மட்டும் சுடுங்கள். விறைப்பாக வேண்டும், நிறம் வரக்கூடாது. கம்பி வலையில் முழுக்க ஆறவிடுங்கள். ஆறியபின் சீஸ் தூவி, திறந்தபடியே டிரேயில் வைத்து உறையவிட்டு, கல் மாதிரி ஆனதும் காற்றுப் புகாமல் இரண்டு சுற்று சுற்றுங்கள். மேலே தேதி எழுதுங்கள். ஒன்றிரண்டு மாதத்துக்குள் சாப்பிட்டுவிட்டால் ருசி குறையாது.

இந்தப் பீட்சாவுக்கு மட்டும் 220 டிகிரி சரி. இளகவிடாமல் நேராக உள்ளே வைத்து, 10 நிமிடத்திலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள்.