ஒரு மைல் ஓடினால் மாரத்தான் நேரம் தெரியும்

மாரத்தானை என்ன வேகத்தில் ஓடுவது என்று குழப்பமா? முதலில் ஒரு மைல் ஓடிப் பாருங்கள். 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று, கூடவே 9 மீட்டர். உடம்பைச் சூடேற்றிவிட்டு, கோட்டுக்கு 9 மீட்டர் பின்னால் நின்று தொடங்குங்கள். முதல் சுற்றிலேயே பாய்ந்தால் மூன்றாவதில் மூச்சு வாங்கும், கணக்கும் கெடும்.

1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே வகுத்த கணக்கு இது: மைல் நேரத்தை 10 கி.மீ.க்கு 1.15, அரை மாரத்தானுக்கு 1.2, மாரத்தானுக்கு 1.3 ஆல் பெருக்குங்கள்; வருவது அந்த ஓட்டத்தில் ஒரு மைலுக்கு ஆகும் நேரம். மைலை 8 நிமிடத்தில் ஓடுபவருக்கு மாரத்தானில் மைலுக்கு 10 நிமிடம் 24 விநாடி. மாரத்தானின் 26.2 மைலுக்கு மொத்தம் சுமார் நாலரை மணி நேரம். நீண்ட ஓட்டப் பயிற்சி இல்லாமல் இது பலிக்காது. வெயில் நாள் என்றால் இன்னும் மெதுவாகவே தொடங்குங்கள்.